டெக்சஸில் சோலார் போட்ட வீட்டுக்குச் சொத்து வரி விலக்கு வாங்குவது எப்படி?

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் வீட்டுக் கூரையில் சோலார் பேனல் போட்டோம். விற்க வந்தவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பி, "டெக்சஸில் சோலாருக்குச் சொத்து வரியே கிடையாது" என்றார். அது உண்மைதான். ஆனால் அந்த விலக்கு தானாக வராது, நாம்தான் விண்ணப்பம் போட்டு வாங்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த ஏப்ரலில், வீட்டின் மதிப்பைக் கணக்கிடும் அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. "இது வரி பில் அல்ல" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. சரி, பில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இழுப்பறையில் போட்டுவிட்டேன். அக்டோபர் கடைசியில் பில் வந்தது. வீட்டின் மதிப்பில் புதிதாக 46,000 டாலர் ஏறியிருந்தது. இழுப்பறையைத் துழாவி அந்தப் பழைய கடிதத்தை எடுத்துப் படித்தால், விண்ணப்பிக்கும் கெடு, ஆட்சேபிக்கும் கெடு இரண்டும் எப்போதோ முடிந்திருந்தன. அந்த வருடம் கிட்டத்தட்ட ஆயிரம் டாலர் வீணாகப் போனது.

அடுத்த வருடம் ஒழுங்காகச் செய்தேன். அதிலும் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். அதையும் கீழே சொல்கிறேன். டெக்சஸில் சொந்த வீட்டில் சோலார் போட்டவர்கள், போடப் போகிறவர்கள், கூடவே ஜன்னல், ஏசி, அட்டிக் இன்சுலேஷன் என்று மின்சாரம் மிச்சம் பிடிக்க ஏதாவது செய்தவர்கள் எல்லோருக்கும் இது பயன்படும்.

1. எந்த அலுவலகம் என்ன செய்கிறது?

முதலில் நான் தவறான அலுவலகத்துக்குப் போன் செய்துகொண்டிருந்தேன். பில் அனுப்புவதும் பணம் வாங்குவதும் வரி அலுவலகம். வரி விகிதத்தை முடிவு செய்வது பள்ளி மாவட்டம், கவுன்டி, நகராட்சி போன்றவை. உங்கள் வீட்டின் மதிப்பு எவ்வளவு, எந்த விலக்கு உண்டு என்று தீர்மானிப்பது மட்டும்தான் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். நமக்கு வேலை இவர்களிடம்தான். வரி அலுவலகத்தில் எவ்வளவு நேரம் லைனில் காத்திருந்தாலும், கடைசியில் "அப்ரைசல் டிஸ்ட்ரிக்டைக் கேளுங்கள்" என்றுதான் சொல்வார்கள்.

உங்கள் கவுன்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்துக்குப் போய் முகவரியைப் போட்டுத் தேடுங்கள். வீட்டின் பக்கம் வரும். அதில் இருக்கும் கணக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நிலத்தின் மதிப்பு தனியாகவும், கட்டடத்தின் மதிப்பு 'இம்ப்ரூவ்மென்ட்' என்ற தலைப்பில் தனியாகவும் இருக்கும். கட்டடத்தைப் பற்றிய விவரப் பட்டியலும் அங்கேயே இருக்கும்: சதுர அடி, கட்டிய வருடம், தரம், நிலை, கராஜ், நீச்சல் குளம். சோலார் தனி வரிசையாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கத்தை பிடிஎஃப் ஆக சேமித்து வையுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம்.

2. உங்களுக்குத் தகுதி உண்டா?

டெக்சஸ் வரிச் சட்டத்தின் 11.27 பிரிவில் இந்த விலக்கு இருக்கிறது. சூரிய சக்தியை மின்சாரமாகவோ வெப்பமாகவோ மாற்றுகிற, மாற்றியதைச் சேமித்து வைக்கிற, வீட்டுக்குள் அனுப்புகிற கருவிகள் இதில் அடங்கும். ஆகவே கூரைப் பேனல், இன்வர்ட்டர், அதோடு சேர்த்த பேட்டரி, சோலார் வாட்டர் ஹீட்டர் எல்லாம் வரும். காற்றாலைக்கும் இதே பிரிவுதான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

முக்கியமான நிபந்தனை, மின்சாரம் பெரும்பாலும் அந்த இடத்திலேயே பயன்பட வேண்டும் என்பது. பகலில் மிஞ்சுவதை மின்சாரக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பி பில்லில் கழித்துக்கொள்வதால் தகுதி போகாது. வருமான வரம்பு, வயது வரம்பு எதுவும் இல்லை. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குத் தரும் 'ஹோம்ஸ்டெட்' விலக்கு வாங்கியிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கிடைத்துவிட்டால் பள்ளி, கவுன்டி, நகராட்சி என்று எல்லா வரியிலும் பொருந்தும்.

கருவி யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். ரொக்கம் கொடுத்து வாங்கினாலும் கடனில் வாங்கினாலும் அது உங்களுடையதுதான், நீங்களே விண்ணப்பிக்கலாம். குத்தகைக்கு எடுத்திருந்தால், அல்லது யூனிட்டுக்கு இவ்வளவு என்று கம்பெனிக்குக் கட்டும் ஒப்பந்தமாக இருந்தால், பேனல் கம்பெனிக்குச் சொந்தம். விலக்கு கேட்க வேண்டியதும் அவர்கள்தான். உங்கள் வீட்டுக் கணக்கில் பேனலின் மதிப்பு ஏறியிருந்தால், ஒப்பந்தத்தின் நகலை அப்ரைசல் டிஸ்ட்ரிக்டுக்கு அனுப்பி, "இது என்னுடையது அல்ல, என் கணக்கிலிருந்து எடுங்கள்" என்று கேளுங்கள்.

இன்னொரு குழப்பம், மத்திய அரசின் 30 சதவீத வருமான வரிச் சலுகை. அது வேறு, இது வேறு. 2025 டிசம்பர் 31க்குப் பிறகு போடும் வீட்டு சோலாருக்கு அந்தச் சலுகை கிடையாது. அதைக் கேள்விப்பட்டு, "சோலார் சலுகை எல்லாம் போய்விட்டதாமே" என்று சொத்து வரி விலக்கையும் சேர்த்து விட்டுவிடுகிறார்கள். மாநில விலக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

3. நாட்காட்டியில் குறிக்க வேண்டிய தேதிகள்

ஜனவரி 1. அன்று உங்கள் வீடு எப்படி இருக்கிறதோ அதுதான் அந்த வருட மதிப்பு. ஆகஸ்டில் பேனல் போட்டால் அந்த வருட பில்லில் அது வராது, அடுத்த வருடத்தில்தான் வரும். பிப்ரவரியில் போட்டாலும் அப்படியே. அதனால்தான் பலரும் ஏமாந்து போகிறோம்: வேலை முடிந்து ஏழெட்டு மாதம் ஒன்றும் நடக்காது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று மறந்துவிடுவோம்.

ஏப்ரல் 30. விலக்கு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். ஜனவரி முதல் அனுப்பலாம். ஜனவரியிலேயே அனுப்புங்கள் என்பேன், காரணம் பின்னால் வரும்.

மே 15. மதிப்பை ஆட்சேபிக்க, அதாவது இங்கே எல்லோரும் 'புரொடெஸ்ட்' என்று சொல்வதற்கு, கடைசி நாள். நோட்டீஸ் தாமதமாக வந்தால் அது அனுப்பப்பட்டதிலிருந்து 30 நாள். இரண்டில் எது பிந்தியதோ அதுவரை நேரம் உண்டு.

அக்டோபர் வாக்கில் பில் வரும். ஜனவரி 31க்குள் கட்ட வேண்டும்.

ஏப்ரல் 30ஐத் தவறவிட்டால்? தக்க காரணம் காட்டினால் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் தலைமை மதிப்பீட்டாளர் ஒரே ஒரு முறை, 60 நாளுக்கு மிகாமல், கெடுவை நீட்டிக்கலாம். நான் நவம்பரில் போய்க் கேட்டேன். கவுன்டரில் இருந்த அம்மா மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் "இழுப்பறையில் போட்டுவிட்டேன்" என்பது தக்க காரணத்தில் சேராது என்பதை அவர் முகமே சொன்னது. ஹோம்ஸ்டெட் விலக்கைத் தாமதமாகக் கேட்க இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. அந்த நினைப்பில் சோலாரையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

4. பேனல் போடும்போதே பில்லைப் பிரித்து வாங்குங்கள்

நான் இரண்டாவது முறை மாட்டிக்கொண்டது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் கூரை ஆலங்கட்டி மழையில் அடி வாங்கியிருந்தது. பழைய கூரை மேல் பேனல் போட்டால் நாளைக்குக் கூரை மாற்றும்போது மறுபடி கழற்றி மாட்ட வேண்டும், அதற்குத் தனிச் செலவு. எனவே அதே கம்பெனியிடம் கூரையையும் மாற்றச் சொன்னோம். ஒரே ஒப்பந்தம், ஒரே தொகை: 46,000 டாலர். நகராட்சி பர்மிட்டிலும் அதே தொகையைப் போட்டு 'சோலார் அமைப்பு' என்று எழுதிவிட்டார்கள். பர்மிட் விவரம் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டுக்குப் போகும். அவர்கள் அந்தத் தொகையை அப்படியே ஏற்றிவிட்டார்கள்.

இரண்டாவது வருடம் விலக்கு விண்ணப்பம் போட்டேன். ஆதாரம் கேட்டார்கள், கம்பெனியின் விவரப் பட்டியலை அனுப்பினேன். அதில் சோலாருக்கு 27,000, கூரைக்கு 19,000. 27,000 டாலருக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். நியாயம்தான். ஆனால் மீதி 19,000 டாலர் புதிய இம்ப்ரூவ்மென்டாக அப்படியே நின்றது.

ஹோம்ஸ்டெட் உள்ள வீட்டுக்கு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் மதிப்பை ஏற்றக் கூடாது என்று ஒரு வரம்பு இருக்கிறது, கேள்விப்பட்டிருப்பீர்கள். புதிய இம்ப்ரூவ்மென்ட் அந்த வரம்புக்கு வெளியே. அதன் முழு மதிப்பும் மேலே வந்து உட்காரும். அதே சமயம், இருக்கிற கட்டடத்தைப் பழுது பார்ப்பதும் வழக்கமான பராமரிப்பும் புதிய இம்ப்ரூவ்மென்ட் ஆகாது என்று சட்டத்தின் 23.23 பிரிவே சொல்கிறது. அடி வாங்கிய கூரையை அதே மாதிரி ஓட்டால் மாற்றுவது பழுது பார்ப்பது, வேறென்ன?

இதை நான் எப்படிச் சரி செய்தேன் என்று 7வதில் சொல்கிறேன். உங்களுக்கு அந்தத் தலைவலி வேண்டாம் என்றால் கையெழுத்துப் போடும் முன் இவற்றைக் கேட்டு வாங்குங்கள்:

சோலாருக்கு ஒரு பில், கூரைக்கு ஒரு பில், மெயின் எலெக்ட்ரிக் பேனல் மாற்றினால் அதற்கு ஒன்று. ஒரே கம்பெனியாக இருந்தாலும் தனித்தனியாக.

பர்மிட் விண்ணப்பத்தின் நகல். அதில் என்ன தொகை, என்ன விவரம் எழுதுகிறார்கள் என்று அனுப்பும் முன்பே பாருங்கள். கூரை வேலைக்கு 'பழுது, மாற்று' என்று இருக்க வேண்டும்.

பேனல், இன்வர்ட்டர், பேட்டரி எத்தனை, என்ன மாடல் என்ற பட்டியல். நகராட்சி இறுதிச் சோதனை முடித்த தாள். மின்சாரக் கம்பெனி இயக்க அனுமதி கொடுத்த மின்னஞ்சல். பணம் கட்டிய ரசீது அல்லது கடன் ஒப்பந்தம்.

கூரைக்கு இன்ஷூரன்ஸ் பணம் வந்திருந்தால் அந்தக் கடிதத்தையும், பழைய கூரையின் புகைப்படங்களையும் தூக்கிப் போடாதீர்கள். அது எப்படி உதவும் என்று அப்போது தெரியாது.

5. படிவம் 50-123

மாநிலத்தின் வரி, நிதிக் கணக்கைப் பார்க்கும் கம்ப்ட்ரோலர் அலுவலகம் வெளியிடும் விலக்கு விண்ணப்பப் படிவம் இது. அவர்கள் தளத்திலிருந்தோ உங்கள் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் தளத்திலிருந்தோ இறக்கிக்கொள்ளலாம். ஆனால் பூர்த்தி செய்ததை ஆஸ்டினில் இருக்கும் கம்ப்ட்ரோலருக்கு அனுப்பக் கூடாது, உங்கள் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். கட்டணம் எதுவும் இல்லை. "நாங்கள் போட்டுத் தருகிறோம், 150 டாலர்" என்று வரும் தபால்களைக் குப்பையில் போடுங்கள்.

படிவம் சின்னதுதான், நிரப்ப அரை மணி நேரம்கூட ஆகாது. கவனிக்க வேண்டியது சில. எந்த வரி ஆண்டுக்கு என்ற இடத்தில் பேனல் போட்ட வருடத்தை எழுதிவிடாதீர்கள். ஆகஸ்ட் 2025இல் போட்டிருந்தால், முதல் ஜனவரி 1 வருவது 2026இல், ஆகவே 2026. பெயரைப் பத்திரத்தில் இருப்பது போலவே எழுதுங்கள். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல், அப்பா பெயர் எல்லாம் முன்னும் பின்னும் மாறிக் கிடக்கும். வங்கிக் கடனில் ஒரு விதம், பத்திரத்தில் ஒரு விதம், சோலார் ஒப்பந்தத்தில் வேறு விதம். என் ஒப்பந்தம் மனைவி பெயரில் மட்டும் இருந்தது. பத்திரத்தில் இருவர் பெயரும் இருந்ததால் பிரச்சினை வரவில்லை, ஆனால் ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டி வந்தது.

கூடவே பிரித்து வாங்கிய பில், கருவிப் பட்டியல், இயக்க அனுமதி, ரசீது நான்கையும் இணைத்துவிடுங்கள். கேட்ட பிறகு அனுப்பலாம் என்று இருந்தால் நாள் ஓடும்.

இணையத்தில் ஏற்றும் வசதி இருந்தால் ஏற்றி, வந்து சேர்ந்ததற்கான ஒப்புகைத் திரையைப் படம் எடுத்து வையுங்கள். தபால் என்றால் கையெழுத்து வாங்கித் திரும்பும் சர்ட்டிஃபைட் மெயில். சில டாலர் செலவுதான், ஆனால் "எங்களுக்கு வரவில்லையே" என்று அவர்கள் சொன்னால் கையில் காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.

கூடுதல் விவரம் கேட்டு அவர்கள் கடிதம் எழுதினால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இங்கேதான் கெடு இரண்டாவது முறை கழுத்தைப் பிடிக்கும். எனக்கு வந்த கடிதம் கிரெடிட் கார்டு விளம்பரம் போல மெல்லிய உறையில் இருந்தது. தேவையான விவரம் எல்லாம் கிடைத்த பிறகு 90 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். ஜனவரியில் அனுப்பச் சொன்னதற்குக் காரணம் இதுதான்: ஏப்ரல் கடைசியில் அனுப்பினால் முடிவு தெரியும் முன்பே மே 15 வந்துவிடும்.

ஒரு முறை கிடைத்துவிட்டால் வருடா வருடம் கேட்க வேண்டியதில்லை. அவர்களே மறுபடி விண்ணப்பம் கேட்டால் மட்டும் அனுப்ப வேண்டும்.

6. ஏப்ரல் நோட்டீஸைப் படிப்பது

'இது வரி பில் அல்ல' என்ற அந்த வாசகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். வருடம் முழுவதும் வரும் கடிதங்களில் பணம் மிச்சம் பிடிக்க வாய்ப்பு உள்ள ஒரே கடிதம் இதுதான். பில் வந்த பிறகு செய்ய அதிகம் ஒன்றும் இல்லை.

இரண்டு எண்களைப் பாருங்கள். ஒன்று, போன வருட இம்ப்ரூவ்மென்ட் மதிப்புக்கும் இந்த வருடத்துக்கும் உள்ள வித்தியாசம். இரண்டு, விலக்குகளின் பட்டியலில் சோலார் இருக்கிறதா, எவ்வளவு தொகைக்கு. பேனலுக்காக ஏற்றியதும் விலக்காகக் கழித்ததும் ஒத்துப்போக வேண்டும். 27,000 ஏற்றி 20,000 மட்டும் கழித்திருந்தால் மீதி 7,000க்கு நீங்கள் வரி கட்டுகிறீர்கள். மொத்த விகிதம் 2 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு 140 டாலர், வீட்டில் இருக்கும் வரை.

இன்னொன்று: விலக்கு கிடைத்ததும் பில் பழையதைவிடக் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். பேனலால் வரி ஏறாமல் காப்பதுதான் இதன் வேலை. என் நண்பர் ஒருவர் விலக்கு கிடைத்தும் பில் குறையவில்லையே என்று ஒரு மாதம் அலுவலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு மதிப்பு ஏறியது அந்தப் பகுதியில் எல்லா வீட்டுக்கும் ஏறியதால். அதற்கு வழி புரொடெஸ்ட்தான்.

7. கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால் புரொடெஸ்ட்

விலக்கு விண்ணப்பமும் புரொடெஸ்டும் இரண்டு தனி வேலைகள். ஒன்றைப் போட்டால் மற்றது ஆகிவிடாது. புரொடெஸ்டுக்கென்று ஏஜென்ட் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள்: மிச்சமாகும் வரியில் பங்கு வாங்கிக்கொள்ளும் ஏஜென்ட் மதிப்பைக் குறைக்கத்தான் வாதாடுவார். 50-123ஐ அவர் போட்டிருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள், கேளுங்கள்.

படிவம் 50-132. பெரும்பாலான இடங்களில் இணையத்திலேயே போட்டுவிடலாம், இதற்கும் கட்டணம் இல்லை. காரணங்களின் பட்டியலில் 'சந்தை மதிப்பைவிட அதிகம்', 'மற்ற வீடுகளோடு ஒப்பிட்டால் சமமில்லை', விலக்கை மறுத்திருந்தால் 'விலக்கு மறுப்பு' என்று பொருந்துவதை எல்லாம் குறியுங்கள். குறிக்காததைப் பிறகு வாதாடுவது கஷ்டம். விசாரணையில் அவர்கள் பயன்படுத்தப் போகும் ஆதாரங்களை 14 நாள் முன்பே பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. தவறாமல் வாங்குங்கள். என் விஷயத்தில் 46,000 பர்மிட்டிலிருந்து வந்தது என்பது அந்தக் காகிதங்களைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

முறையான விசாரணைக்கு முன் பெரும்பாலும் ஒரு மதிப்பீட்டாளரோடு தனியாகப் பேச வாய்ப்பு கிடைக்கும். விஷயம் இங்கேயே முடிந்தால் நல்லது. எனக்கு முடிந்தது. சின்ன அறை, ஒரு மேசை, இளவயதுக்காரர் ஒருவர். அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். சோலார் என்ற ஒற்றை வரிசையில் 46,000, கீழே கழித்தல் 27,000. நான் வரிச்சட்டம் எல்லாம் பேசவில்லை. இன்ஷூரன்ஸ் கடிதம், ஓடு பெயர்ந்த பழைய கூரையின் நான்கு புகைப்படம், கம்பெனியின் பிரித்த பட்டியல் மூன்றையும் வரிசையாக வைத்து, "இந்த 19,000 கூரை. ஆலங்கட்டிக்கு மாற்றியது. புதிதாக ஒன்றும் கட்டவில்லை" என்றேன். அவர் புகைப்படத்தை எடுத்து, அதில் இருந்த தேதியைப் பார்த்தார், கடிதத்தின் தேதியைப் பார்த்தார், தட்டச்சு செய்தார். பத்து நிமிடம். சம்மதக் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தபோது பார்க்கிங்கில் மனைவி, "இவ்வளவுதானா? இதுக்கா ஒரு வாரமா தூங்கலை?" என்றாள்.

ஆனால் அந்தக் கையெழுத்துப் போடும் முன் யோசியுங்கள். ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அந்த வருடத்துக்கு அந்த விஷயம் முடிந்தது. அவர் சொல்லும் எண் திருப்தியில்லை என்றால் போடாமல் விசாரணைக்குப் போகலாம்.

விசாரணை நடத்துவது அப்ரைசல் ரிவ்யூ போர்டு. நேரில் போகலாம், தொலைபேசியிலோ வீடியோவிலோ பேசலாம், எழுத்து வாக்குமூலமும் அனுப்பலாம். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். வரி அதிகம், சம்பளம் ஏறவில்லை என்ற புலம்பலுக்கு அங்கே இடமில்லை, மதிப்பு தவறு என்பதற்கான தாள்களை மட்டும் காட்டுங்கள்.

அங்கேயும் தோற்றால், மதிப்பு பற்றிய தகராறுக்கு உத்தரவு கிடைத்த 60 நாளுக்குள் நடுவர் தீர்ப்பு கேட்கலாம். ஹோம்ஸ்டெட் வீடு, மதிப்பு 5 லட்சம் டாலருக்குள் என்றால் முன்பணம் 450 டாலர். அதற்கு மேல் 500. ஜெயித்தால் 50 டாலர் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார்கள். வருடத்துக்கு 140 டாலர் விஷயத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டுமா என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் போயிருக்க மாட்டேன்.

8. ஜன்னல், ஹீட் பம்ப், இன்சுலேஷன், கார் சார்ஜர்

கார் சார்ஜரைத் தவிர மற்றவை மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும், ஆனால் 11.27 இவற்றில் எதற்கும் பொருந்தாது. விலக்கு என்று எதுவும் கேட்க முடியாது.

பயப்படவும் வேண்டாம். அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் வீடு வீடாக உள்ளே வந்து பார்ப்பதில்லை. ஆயிரக்கணக்கான வீடுகளை ஒன்றாக, சதுர அடி, வயது, தரம், நிலை, பக்கத்து விற்பனை விலை இவற்றை வைத்து மதிப்பிடுகிறார்கள். அட்டிக்கில் எவ்வளவு கனம் இன்சுலேஷன் என்று அந்தப் பட்டியலில் இடமே இல்லை. பழைய ஏசியை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் வைப்பது, பழைய ஜன்னலை இரட்டைக் கண்ணாடியாக மாற்றுவது, இருப்பதை மாற்றும் வேலைதான்.

சிக்கல் வருவது வேறு வழியில். நிறைய வேலைகளைச் சேர்த்து ஒரே பர்மிட்டில் 'வீட்டைப் புதுப்பித்தல்' என்று எழுதிப் பெரிய தொகை போட்டால், வீட்டின் 'நிலை' சாதாரணம் என்பதிலிருந்து நல்லது என்று மாறிவிடலாம். அந்த ஒற்றைச் சொல் முழு வீட்டின் மதிப்பையும் இழுத்துக்கொண்டு போகும். முதல் படியில் சேமித்து வைக்கச் சொன்ன பிடிஎஃப் இங்கே உதவும். போன வருட நிலை, தரம், சதுர அடி மூன்றையும் இந்த வருடத்தோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் அதுவே புரொடெஸ்டுக்குப் போதுமான காரணம். பின்பக்கத் திண்ணையை மூடி அறையாக்கியிருந்தால் அது வேறு கதை, அது உண்மையிலேயே புதியது, மதிப்பு ஏறத்தான் செய்யும்.

9. பில் வந்த பிறகு, வீட்டை விற்கும்போது

வீட்டுக் கடனோடு எஸ்க்ரோவில், அதாவது மாதத் தவணையோடு வங்கியே வரிப் பணத்தையும் வாங்கிக் கட்டும் முறையில், வரி கட்டுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முதல் வருடம் மதிப்பு ஏறியதை வைத்து வங்கி எங்கள் மாதத் தவணையைக் கூட்டிவிட்டது. அடுத்த வருடம் வரி குறைந்தும் தவணை தானாக இறங்கவில்லை. புதிய பில்லை அனுப்பி, எஸ்க்ரோ கணக்கை மறுபடி போடச் சொல்லி எழுதினேன், அடுத்த மாதம் இறங்கியது.

வீட்டை விற்றால் விலக்கு உங்களோடு முடியும். வாங்குபவர் தன் பெயரில் புதிதாக 50-123 போட வேண்டும். சோலார் உள்ள வீட்டை வாங்கப் போகிறவர் நீங்கள் என்றால், பேனல் சொந்தமா குத்தகையா என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள், பழைய பில்களின் நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் பேட்டரி சேர்த்தாலோ பேனல் கூட்டினாலோ, ஏற்கெனவே விலக்கு இருக்கிறதே என்று சும்மா இருக்காமல், புதிய பில்லோடு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, புதிய பகுதிக்கும் விலக்கு பொருத்தப்பட்டதா என்று அடுத்த ஏப்ரல் நோட்டீஸில் பாருங்கள்.